பங்குனித் திவசம்

என் அக்காவுக்கு முப்பத்தோராம் நாள் அமுது கொடுத்துப் பதினாறு நாட்கள் கழித்து நான் அவளைப் பார்க்கப் போனேன். அவள் உயிரோடுதான் இருந்தாள். செத்தவர்களுக்குச் சோறு படைத்து, ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதை எங்கள் பக்கத்தில் அமுது என்போம். அந்த அமுதுக்கு நானும் அம்மியில் அரைத்தேன், நானும் பரிமாறினேன், சாப்பிட்ட இலைகளை நானும் எடுத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. என் கணவர் இருந்தவரைக்கும் நடந்ததை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவரும் போய்விட்டார், இனி யாருக்குப் பயந்து மறைப்பது?

எங்கள் வீடு ஆரையம்பதியில், வாவிக்கரைக்குப் போகும் மணல் ஒழுங்கையில் இருந்தது. அப்பா நாங்கள் சிறுமிகளாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அந்த வளவுக்குள் அம்மா, அக்கா, நான் என்று மூன்று பெண்கள். அக்கா தன் பத்தொன்பதாவது வயதில் ஒரு நாள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையை வெறுங்கையால் தூக்கி இறக்கினாள். இறக்கி வைத்துவிட்டு, என்னோடு ஏதோ கதைத்தபடியே அகப்பையைத் தேடினாள். அவளுடைய உள்ளங்கைத் தோல் வெந்து உரிந்திருந்ததை நான்தான் கண்டேன். அவளுக்கு நோகவே இல்லை.

அம்மா அவளைப் புளியந்தீவில் ஒரு டாக்குத்தரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் ஊசியால் அங்கங்கே குத்திப் பார்த்துவிட்டுத் தொழுநோய் என்றார். அந்த நோய்க்காரர் வீட்டில் இருக்கக் கூடாது, தீவில் உள்ள ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். அம்மா அவளை அங்கேயே ஒப்படைத்துவிட்டுத் தனியே திரும்பி வந்தார். ஊருக்கு வேறு கதை சொன்னோம். மூதூரில் இருக்கும் சின்னம்மாவுக்குக் கைக்குழந்தைகள், உதவிக்கு ஆளில்லை, மூத்தவள் அங்கே போயிருக்கிறாள் என்றோம். ஊரும் நம்பியது. உண்மை தெரிந்தவர்கள் நாங்கள் இருவரும், அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவும், அம்மாவைத் தீவுக்கு ஏற்றிப்போகும், காக்கா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் தோணிக்காரரும்தான்.

மூன்று வருடம் இப்படிப் போயிற்று. பிறகு எனக்குக் கலியாணப் பேச்சு வந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். தாய் குடியிருக்கும் வீடு மூத்த மகளுக்குச் சீதனமாகப் போகும். இளையவளுக்கு இன்னொரு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். ஆம்பிளை இல்லாத எங்கள் வீட்டில் யார் இன்னொன்று கட்டுவது? இருக்கும் ஒரு வீட்டை எனக்கே தருவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வேளாண்மைக்காரர்கள். பெண் பிடித்திருக்கிறது என்றார்கள், ஆனால் ஒரு கேள்வி கேட்டார்கள். கலியாணமாகாத மூத்த குமர் மூதூரில் இருக்க, அவளுடைய வீட்டில் இளையவளுக்கு எப்படித் தாலி கட்டுவது? நாளைக்கு அவளைக் கட்டுகிறவன் வந்து வெளியே போ என்றால் எங்கள் பிள்ளை எங்கே போவான்? மூத்தவளைக் கூப்பிடுங்கள், அவள் வாயால் சம்மதம் என்று சொல்லட்டும். இதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. நாங்களாயிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்போம்.

அம்மா ஒரு கிழமை யாரோடும் பேசவில்லை. பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் அம்மா குளறி அழும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் தலைமுடியை அவிழ்த்துவிட்டு மண்ணில் கிடந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார். மூத்த பிள்ளை காய்ச்சலில் போய்விட்டாளாம், அங்கேயே அடக்கிவிட்டு மூதூரிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். மாமா பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மூதூர் என்பது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் செத்தது பொய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தீவிலிருந்துதான் செய்தி வந்திருக்கிறது, ஊருக்காக மூதூர் என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் அழுத அழுகை கொஞ்சமில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அக்கா விட்டுப்போன பாவாடை ஒன்று கொடியில் கிடந்தது, அதை முகத்தில் வைத்துக்கொண்டு பகல் முழுவதும் அழுதேன். பொழுது சாய்ந்து ஆட்கள் கலைந்த பிறகு அம்மா வந்து என் காதுக்குள் சொன்னார்.

"அவ சுகமா இரிக்கா. இனி அழாத."

அதைக் கேட்டு எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்ததுதான், ஆனால் அதற்கு முன்னால் கோபம் வந்தது. என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் அப்படி அழுதிருக்க மாட்டேன், ஊர் சந்தேகப்பட்டிருக்கும். அம்மாவுக்கு என் அழுகை தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மா அழுததும் நடிப்பில்லை என்பது எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளையைத் தன் வாயாலேயே சாகடித்தவர் வேறு எப்படி அழுவார்?

அமுதும் முடிந்தது. சாவுத் துடக்குக் கழிந்தது, ஆவணியில் நாள் வைக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் இறங்கி வந்தார்கள். அப்போது நான் அடம்பிடித்தேன். அக்காவிடம் கேட்காமல் அந்த வீட்டில் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்றேன். அம்மா பயந்துவிட்டார். கேட்டு, அவள் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வாய் என்றார். அவள் கொக்கட்டிச்சோலைக்கு ஒரு காகிதம் எழுதிப் போட்டால் போதும், கலியாணம் நின்றுவிடும். அதோடு நோய் பிடித்த வீடு என்று பெயரும் விழுந்துவிடும். அதற்குப் பிறகு எனக்கு மாப்பிள்ளை என்ற பேச்சே இருக்காது, வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூட ஒருவரும் வரமாட்டார்கள். அம்மா சொன்னது எல்லாம் சரிதான். கடைசியில், வேண்டுமானால் வந்து பார், வாய் மட்டும் திறக்காதே என்று சொல்லிக் கூட்டிப்போனார். நானும் தலையாட்டினேன்.

ஊராருக்குப் புளியந்தீவில் கூறைச் சேலை எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, காத்தான்குடிக் கரைக்கு நடந்து போய்த் தோணி ஏறினோம். தோணிக்காரக் காக்கா தீவு ஆஸ்பத்திரிக்குத் தேங்காயும் விறகும் கொண்டுபோய்க் கொடுப்பவர். எங்களைப் போல மறைந்து போகிறவர்களையும் ஏற்றுவார். யாரை ஏற்றினேன் என்று எங்கும் வாய் விடமாட்டார். கல்லடிப் பாலத்துக்குக் கீழால் போய், வாவி கடலோடு சேரும் பக்கமாகத் தோணி திரும்பியது. உப்புக்காற்று முகத்தில் அடித்தது. தூரத்தில் முகத்துவாரத்து அலை இரைந்துகொண்டே இருந்தது.

அதுவரைக்கும் அம்மா என்னைத் தீவுக்குக் கூட்டிப்போனதில்லை. நான் இருண்ட இடம் ஒன்றை நினைத்து வைத்திருந்தேன். ஆனால் தோணி போய் ஒதுங்கியது வெள்ளை மணல் வளைந்து கிடந்த ஒரு கரையில். தண்ணீர் அடி தெரியத் தெளிவாக இருந்தது. சின்னச் சின்னச் சிப்பிகள் காலுக்குக் கீழே நொறுங்கின. கரையோரம் தாழை பூத்து மணத்தது. அவ்வளவு அழகான ஒரு கரையை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. நோய்க்காரரைக் கொண்டுவந்து அடைக்க இப்படி ஓர் இடம்தானா கிடைத்தது என்று எனக்கு எரிச்சல் வந்தது.

மணலின் நடுவில் சுண்ணாம்பு பூசிய கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் அதற்கு இந்தப் பக்கம், நோய்க்காரர் அந்தப் பக்கம். கொண்டு போனதைக் கல் வரிசைக்கு மேலே கிடந்த ஒரு பலகையில் வைத்துவிட்டுப் பின்னால் வர வேண்டும். பிறகு அவர்கள் வந்து எடுப்பார்கள். அந்தப் பக்கம் போன பாத்திரம் திரும்பி வராது என்பதால் எல்லோரும் ஓலைப்பெட்டியில்தான் கொண்டுபோவோம். அன்றைக்கு இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. எல்லோரும் தூரத் தூர உட்கார்ந்திருந்தார்கள். அங்கே யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டால் நாளைக்குச் சந்தையில் அது தெரிந்த முகமாகிவிடும்.

அக்கா தாழம்புதருக்குப் பின்னாலிருந்து நடந்து வந்தாள். முகம் அதே முகம்தான். புருவம் மட்டும் கொட்டிப்போயிருந்தது. வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்கியிருந்தன. என்னைக் கண்டதும் ஓட்டமும் நடையுமாக வந்து, கல் வரிசைக்கு முன்னால் நின்று, பிறகு மணலில் உட்கார்ந்தாள். வளர்ந்துவிட்டாய், ஆனால் நடை இன்னும் வாத்து நடைதான் என்றாள். நான் சிரித்தேன்.

அம்மா வழக்கமாகச் சொல்வதைச் சொல்லத் தொடங்கினார். வீடு அப்படியே இருக்கிறது, இந்த வருடமும் கூரை வேய்ந்தாயிற்று, கிணற்றடித் தென்னை இரண்டும் காய்க்கின்றன, நீ சுகமாகி வந்து ஏறும் வரைக்கும் எல்லாம் உனக்காகக் காத்திருக்கும். மூன்று வருடமாக ஒவ்வொரு முறையும் இதையே சொல்லி வந்திருக்கிறார் என்பது அக்கா கேட்ட விதத்திலேயே தெரிந்தது. அவள் சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். வேலி எப்படி, முன்வாசல் கதவு இன்னும் சிக்குகிறதா என்றெல்லாம் கேட்டாள். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். எனக்குக் காது எரிந்தது.

பிறகு அக்கா என்னைக் காட்டி, இவளுக்கு இன்னும் ஒரு பேச்சும் வரவில்லையா என்று அம்மாவிடம் கேட்டாள். நீ இருக்கும்போது இவளுக்கு என்ன அவசரம் என்றார் அம்மா. கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, எனக்கு ஆவணியில கலியாணம். வீட்ட எனக்குத்தான் தாறாங்க. நீ செத்துப்போயிட்டாய் எண்டு சொல்லித்தான் தாறாங்க."

அம்மா எழுந்து, தண்ணீர்க்கரைக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் செவ்வாய்க்கிழமை, முற்றத்தில் அம்மா கிடந்தது, ஊர் வந்து அழுதது, அமுது கொடுத்தது எல்லாம் சொன்னேன். உச்சி வெயில், மணல் அனலாகக் கொதித்தது. நான் சேலைத் தலைப்பை மடித்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தேன். அவள் வெறும் மணலில் காலை நீட்டி வைத்திருந்தாள். காலை எடு அக்கா, சுடும் என்றேன். அவள் எடுக்கவில்லை.

என்னையே பார்த்தபடி கேட்டாள்.

"நான் எப்ப செத்தனாம்?"

"பங்குனியில. ரெண்டாம் செவ்வாய்."

"எங்க வெச்சு?"

"மூதூரில. சின்னம்மாட வீட்ட."

"மூதூர நான் கண்ணாலயும் கண்டதில்ல," என்றாள். பிறகு கேட்டாள். "அமுதுக்கு எனக்கு என்ன படைச்சீங்க?"

சொன்னேன். பால்சோறு, பூசணிக்காய்க் கறி, முருங்கைக்காய், கத்தரிக்காய்ப் பொரியல். அவளுக்குப் பிடிக்கும் என்று அம்மா தன் கையாலேயே அரியதரப் பலகாரம் சுட்டுப் படைத்ததையும் சொன்னேன்.

"அரியதரமா?" என்றாள். "அதில ஒண்டு ரெண்டு கொண்டு வந்திரிக்கலாம்தானே."

அவள் அதைக் கேலிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு ஆசையாக இருந்தது. மூன்று வருடமாக அங்கே அவளுக்கு அரியதரம் யார் கொடுத்தார்கள்? நான் மணலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவள் கல் வரிசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடி, அழாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னைத் தொட அவளுக்கு அனுமதியில்லை.

வீட்டை நான் எடுக்கலாமா என்று கடைசியில் கேட்டேன். செத்தவளிடமா கேட்கிறாய் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் கறுத்துப்போயிற்று. எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன். ஆனால் போகவில்லை. எடு என்றாள். அடுக்களைப் பக்கத்து மூலை எப்போதும் ஒழுகும், வேயும்போது அதைப் பார்த்து வேயச் சொல்லு என்றாள். இனி வருடா வருடம் தனக்குத் திவசம் கொடுப்பீர்கள்தானே, அந்தச் சோற்றில் தன் பங்கைக் காகத்துக்கு வைக்காமல் இங்கே கொண்டு வந்து தா என்றாள். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். அதன் பிறகு அவள் எழுந்து நின்று, தண்ணீர்க்கரையில் நின்ற அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"அம்மா இனி இஞ்ச வரவேணாம். செத்த புள்ளயப் பாக்க எந்தத் தாயும் வாறல்ல."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. காக்கா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோணியைச் செலுத்தினார். அம்மா அதற்குப் பிறகு அந்தக் கரையில் கால் வைக்கவே இல்லை.

ஆவணியில் எனக்குக் கலியாணம் நடந்தது. என் கணவர் நல்ல மனிதர், அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. நாம் குடியிருப்பது உன் அக்காவின் வீடு, அந்த ஆத்துமா குறைப்படக் கூடாது என்று சொல்லி, பங்குனி பிறந்தால் அவரே பூசணிக்காயும் பாலும் தேடிக் கொண்டுவருவார். இலை போட்டுப் படைத்து அவரே விழுந்து கும்பிடுவார். அடுத்த நாள் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு நான் ஓலைப்பெட்டியோடு காத்தான்குடிக் கரைக்குப் போவேன். அக்கா மணலில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவாள். இந்த வருடம் உப்புக் கூடிவிட்டது, போன வருடத்து அரியதரம்தான் பதம் என்று குறையும் சொல்வாள். உலக யுத்தக் காலத்தில் அரிசியைக் கூப்பனுக்கு அளந்து கொடுத்தபோது ஒரு வருடம் மரவள்ளிக்கிழங்கை அவித்துப் படைத்தோம். செத்தவளுக்கும் கூப்பனா என்று கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நான் திரும்பி வந்ததும் அம்மா ஒன்றே ஒன்று கேட்பார், தின்றாளா என்று. ஓம் என்பேன். எங்களுக்குள் அவளைப் பற்றி வருடத்துக்கு அந்த ஒரு பேச்சுத்தான். அம்மா இறந்த செய்தியையும் நான்தான் கொண்டுபோனேன். எல்லோரும் அழுதீர்களா என்று அக்கா கேட்டாள். ஓம் என்றேன். தனக்கு அழுததைவிடக் கூடவா குறைவா என்றாள். உனக்குத்தான் கூட என்றேன், அது உண்மையும்கூட. அவள் மணலை அளைந்துகொண்டிருந்தாள்.

கலியாணமாகிப் பதினோராவது வருடம், கார்த்திகை மாதம், விடாத மழை. தோணிக்காரக் காக்கா எங்கள் வேலிப் படலையில் வந்து நின்றார். அதற்கு முன் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. தேங்காய் இருக்கிறதா என்று சத்தமாகக் கேட்டார். நான் கிட்டப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"ராவு மவுத்தாகிட்டா புள்ள. விடியக்குள்ளயே அங்கயே அடக்கிட்டாங்க."

நான் அவருக்கு ஆறு தேங்காய் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு மழையில் போனார். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அங்கால் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுக்களைக்குள் போய் உலை வைத்தேன். அழ முடியவில்லை. அவளுக்கு அழ வேண்டியதை எல்லாம் அந்தப் பங்குனியிலேயே ஊருக்கு முன்னால் அழுது முடித்தாயிற்று. இனி அழுதால் யார், எதற்கு என்று கேட்பார்கள். துடக்கு இல்லை, எட்டாம் நாள் இல்லை, முப்பத்தோராம் நாள் இல்லை. ஊர்க் கணக்கில் அவள் செத்து எத்தனையோ வருடம்.

மத்தியானம் என் கணவர் வயல் வட்டையில் இருந்து நனைந்து வந்தார். சோறு போட்டேன். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அக்கா செத்திட்டா," என்றேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தலையில் கை வைத்தார்.

"அது நடந்து எத்தின வருசமாச்சு. இன்னும் அதையே நினைச்சிக்கொண்டிரிக்கயா? நாமளும் ஒரு வருசம் விடாமத்தானே செய்யிறம். அவ குறையில்லாம இரிப்பா."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் என்னை அழவிட்டார், நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. பங்குனியில் சாகாதவளுக்காக அவர் சொன்ன ஆறுதலை அந்தக் கார்த்திகையில் செத்தவளுக்காக நான் எடுத்துக்கொண்டேன். வேறு ஆறுதல் எனக்குக் கிடைக்க வழியிருக்கவில்லை.